வன்னியின் மேலே ஒரு வான்வழி

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் தேசப்படம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்துக்கொள்ளுங்கள். சென்னை நகரின்மேல் அடிமட்டத்தின் ஒரு நுனியை வைத்து, மறுநுனியை நேர் தெற்காக இறக்குங்கள். அடிமட்டம் வங்கக் கடலின் ஓரமாகவே வந்து, கோடிக்கரைக்குச் சற்றுக் கிழக்கே கடலைக் கடந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள பலாலியைத் தொட்டு நிற்கும். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் கிழக்கு நெடுங்கோடு 80 பாகை 10 கலையில் இருக்கிறது. பலாலி விமான நிலையம் 80 பாகை 4 கலையில் இருக்கிறது. ஒன்றுக்கு நேர் கீழே மற்றொன்று என்று சொன்னால் பிழையில்லை.

இவ்விரு நிலையங்களுக்கும் இடையிலுள்ள வான்வழித் தூரம் எவ்வளவு? இதனை அறிவதற்கு வானவியல் படித்திருக்க வேண்டியதில்லை. சென்னை வடக்கு அகலக்கோடு 12 பாகை 59 கலையிலும், பலாலி 9 பாகை 47 கலையிலும் உள்ளன. வேறுபாடு 3 பாகை 12 கலை. அகலக்கோட்டில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். ஆகவே மூன்று பாகைக்கு 180, பன்னிரண்டு கலைக்கு 12. மொத்தம் 192 கடல் மைல். தரையில் நாம் வழங்கும் கணக்கில் இது 220 மைல், அஃதாவது ஏறத்தாழ 355 கிலோமீற்றர்.

இனி அந்த அடிமட்டத்தைப் பலாலியிலிருந்து மேலும் தெற்கே நீட்டுங்கள். அது கொழும்புக்கு அண்மையிலுள்ள இரத்மலானை விமான நிலையத்தின் பக்கமாகவே போய்ச் சேரும். பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே தூரம் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். ஆகச் சென்னைக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட வழியில், ஏறக்குறைய நடுவிலே நிற்கிறது பலாலி. இக்கோட்டின் தென்பாதி வன்னிப் பெருநிலத்தின் மேற்கு ஓரத்தைத் தழுவிச் செல்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று ஊர்களும் அக்கோட்டுக்குக் கிழக்கே, காடும் குளமும் வயலுமாகப் பரந்து கிடக்கும் நிலத்தில் உள்ளன.

இயற்கை வகுத்த இத்தூரம் ஒருபோதும் மாறியதில்லை. ஆனால் இத்தூரத்தைக் கடக்க மனிதனுக்குப் பிடித்த காலம் மட்டும் சுருங்கியும் நீண்டும், சில வேளைகளில் எல்லையற்றும் போயிருக்கிறது. அந்த வரலாற்றை, வானூர்தியில் இருந்தவர் கண்கொண்டு மட்டுமன்றி, கீழே வன்னி மண்ணில் நின்று அண்ணாந்து பார்த்தவர் கண்கொண்டும் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

வானூர்தி வருவதற்கு முந்திய நாட்களை முதலில் நோக்குவோம். 1905-ஆம் ஆண்டில் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் புகையிரதப் பாதை இணைத்தது. வவுனியா, ஓமந்தை, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று அப்பாதை வன்னியின் நடுவே ஊடறுத்துச் சென்றது. 1914-ஆம் ஆண்டில் தலைமன்னாருக்குப் பாதை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற்சேவையும் தொடங்கிற்று. சென்னை எழும்பூரில் மாலையில் வண்டி ஏறியவர் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடியை அடைவார். அங்கே கப்பலேறி அந்தி வேளையில் தலைமன்னாரில் இறங்குவார். மீண்டும் வண்டியேறிக் காலையில் கொழும்பைக் காண்பார். வழியில் இரண்டு இரவுகள் கழிந்துவிடும்.

இவ்வழியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தலைமன்னாரிலிருந்து மதவாச்சிக்கு வரும் அந்த வண்டி, இன்று வவுனியா மாவட்டத்தில் அடங்கும் செட்டிகுளத்தைக் கடந்தே செல்லும். ஆகவே ஆசியாவின் இரு பெரு நகரங்களுக்கு இடையே பயணம் செய்தவர் எவரும் வன்னியின் ஒரு மூலையையாவது மிதித்தே போகவேண்டியிருந்தது. செட்டிகுளத்து மனிதர் ஒருவர் தம் ஊர் நிலையத்திலேயே வண்டியேறிச் சென்னைக்குப் போகலாம். பயணம் மெதுவானதுதான், ஆயினும் வழியிலே இருந்தவர்க்கும் அதில் பங்கு இருந்தது.

விமானம் வந்தது. 1932-ஆம் ஆண்டு ஒக்டோபர் 15-ஆம் நாள், ஜே. ஆர். டி. தாதா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாற்பைகளுடன் ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்தார். அவருடைய தோழர் நெவில் வின்சென்ற் அத்தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மூன்றாண்டுகளின் பின், 1935 நவம்பர் 27-ஆம் நாள், சென்னைப் பறத்தற் கழகத்தின் தலைமைப் பயிற்றாசிரியர் டின்டேல் பிஸ்கோ என்பார், சென்னையிலிருந்து பறந்துவந்து இரத்மலானையில் இறங்கினார். அந்நிலையத்தில் இறங்கிய முதல் விமானம் அதுவே. 1938 பெப்ரவரி 28-ஆம் நாள், தாதாவின் விமானத் தபாற்சேவை சென்னை, திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்பு வரை நீண்டது.

இரண்டு இரவுகள் பிடித்த பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் அந்த விமானத்துக்குச் செட்டிகுளத்தில் நிற்க வேண்டிய தேவை இல்லை. இது குறையென்று கூற வரவில்லை. வானூர்தியின் இயல்பே அதுதான். எனினும் வரலாற்றை எழுதுவோர் இதனையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

வன்னிக்கு முதன்முதலாக ஓர் ஓடுபாதை வந்தது பயணியர் பொருட்டன்று, போரின் பொருட்டு. 1942 ஏப்ரல் 5-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9-ஆம் நாள் திருகோணமலையைத் தாக்கின. இலங்கையைக் காக்கவேண்டிய நெருக்கடியில் பிரித்தானிய வான்படை தீவெங்கும் தளங்கள் அமைத்தது. வவுனியாவில் ஒன்று அமைந்தது. பலாலியில் ஒன்று அமைந்தது. 1943, 1944-ஆம் ஆண்டுகளில் வவுனியாத் தளத்தில் போபோர்ட் என்னும் குண்டு விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன.

போர் முடிந்ததும் பலாலியின் ஓடுபாதை மக்களுக்குப் பயன்பட்டது. எயர் சிலோன் என்னும் நம் நாட்டு விமான நிறுவனம் 1947 டிசெம்பர் 10-ஆம் நாள் தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. இரத்மலானையில் எழுந்து, காங்கேசன்துறை என்று அக்காலத்து நேர அட்டவணைகள் குறித்த பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னை சென்றடைவதே அந்த முதற்பயணம். நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே இது நிகழ்ந்தது. அந்நிறுவனத்திடம் அன்று இருந்தவை மூன்று டக்கோட்டா விமானங்கள். சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்திரா தேவி என்பன அவற்றின் பெயர்கள்.

டக்கோட்டா மணிக்கு ஏறக்குறைய 280 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். இவ்வேகத்தில் பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றேகால் மணி நேரம் வேண்டும். ஆனால் காற்றின் கணக்கையும் இதில் சேர்க்கவேண்டும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் உழவரும் கடலோடிகளும் நன்கறிந்த காற்றுகள் வாடையும் சோளகமும். வடக்கிலிருந்து வாடைக்காற்று மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்த்து வீசுகிறதென்று கொள்வோம். அப்பொழுது டக்கோட்டா தரையைக் கடக்கும் வேகம் 240 ஆகக் குறைந்துவிடும். சென்னை செல்ல 89 நிமிடம் ஆகும். அதே காற்றில் திரும்பி வரும்போது வேகம் 320 ஆகும். 67 நிமிடத்தில் பலாலி வந்துவிடலாம். தூரம் ஒன்றே, போவதற்கும் வருவதற்கும் இடையே 22 நிமிட வேறுபாடு. பாய்மரக் கலங்களை ஆண்ட காற்று, இயந்திரப் பறவையையும் ஓரளவு ஆளத்தான் செய்கிறது.

அக்காலத்து விமானங்கள் இன்றைய தாரை விமானங்கள்போல் முகிலுக்கு மேலே மறைந்து செல்வனவல்ல. தாழ்வாகவே பறந்தன. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் செல்பவர் சாளரத்து வழியே நோக்கினால் வன்னியின் குளங்களைக் காணலாம்: மன்னார்ப் பெருநிலத்தில் கட்டுக்கரைக் குளம், அப்பால் வவுனிக்குளம், தொலைவில் இரணைமடு. வானிலிருந்து பார்க்கும்போதுதான் வன்னி ஏன் குளநாடு என்று பேர்பெற்றது என்பது விளங்கும். கீழே வயலில் நின்றவர் அவ்விமானத்தின் ஒலியைக் கேட்டுத் தலைநிமிர்ந்து பார்த்திருப்பார். தம் தொழிலுக்குத் திரும்பியிருப்பார். அந்நாளில் வானத்து இரைச்சல் எவரையும் அச்சுறுத்தவில்லை.

வன்னி மக்களுக்கு அக்காலத்தில் விமானம் பெரிதும் வேண்டியிருக்கவுமில்லை. 1956 ஏப்ரல் மாதத்தில் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. தென்னிந்தியா செல்ல விரும்பியவர்க்குத் தலைமன்னார்க் கப்பல் இருந்தது. 1964 டிசெம்பர் மாதத்துப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின்னும், இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் பின்னர் ஓடியது. வழி ஒன்று அடைபட்டால் மற்றொன்று இருந்த காலம் அது.

அக்காலம் முடிந்தது. 1970-களின் இறுதியில் எயர் சிலோன் மறைந்தது. 1979 செப்டெம்பரில் எயர் லங்கா தோன்றியது. வெளிநாட்டுப் பயணங்கள் யாவும் கட்டுநாயக்காவில் குவிந்தன. 1983-க்குப் பின் போர் விரிந்தது. தலைமன்னார்க் கப்பல் நின்றது. 1990-ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதமும் நின்றது. பின்வந்த ஆண்டுகளில் வன்னியூடாகச் செல்லும் தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் இருந்த இடம் தெரியாமற் போயின. கண்டி–யாழ்ப்பாணம் நெடுஞ்சாலை மூடப்பட்டது. பலாலி இராணுவத் தளமாயிற்று. அதனைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் தம் வீடுவாசலைவிட்டு இடம்பெயர்ந்தனர்.

நேயர்களே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். கிளிநொச்சிக்கும் சென்னைக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து 417, வவுனியாவிலிருந்து 470. இத்தூரங்களில் ஒரு முழம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் அவற்றைக் கடக்கும் வழி கரைந்துபோயிற்று. வழியற்ற மக்கள் மன்னார்க் கரையிலிருந்து படகேறினர். தலைமன்னார் முனைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே முப்பது கிலோமீற்றர் அளவே கடல். இரவிலே அதனைக் கடந்து, இராமேசுவரக் கரையில் இறங்கி, மண்டபம் முகாமுக்குச் சென்றோர் பல்லாயிரவர். கடலிலேயே மாண்டோரும் உளர். வானூர்தி ஐந்து நிமிடத்தில் கடக்கும் நீர்ப்பரப்பு அது.

யாழ்ப்பாணத்தார்க்கு எஞ்சியவை கப்பலும் விமானமுமே. பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே தனியார் விமானங்கள் பறந்தன. பறக்கும் நேரம் ஒரு மணி அளவே. அந்த ஒரு மணி நேரத்துக்கு அனுமதி பெறவும், இடம் கிடைக்கவும் நாட்கணக்காகக் காத்திருந்தோர் பலர். 1998 செப்டெம்பர் 29-ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயர் நிறுவனத்தின் அந்தோனவ் விமானம், மன்னாருக்கு வடக்கே கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் உயிரிழந்தனர். அது சுட்டு வீழ்த்தப்பட்டதென்றே கருதப்படுகிறது. பதினான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2012-இல், கிளிநொச்சி மாவட்டத்துக்குரிய இரணைதீவின் அண்மைக் கடலடியில் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரு மணி நேரப் பயணத்துக்காக வழியனுப்பிவைத்த உறவினர் சிலர், தம்மவர் இனித் திரும்பார் என்பதைத் தெளிய அத்தனை ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

வன்னியிலோ வானத்து இரைச்சலின் பொருளே மாறிவிட்டது. ஒலி கேட்டதும் அண்ணாந்து பார்த்த குழந்தைகள், ஒலி கேட்டதும் பதுங்குகுழிக்குள் பாயக் கற்றுக்கொண்டனர். பயணியர் விமானம் எது, குண்டு விமானம் எது என்று செவியாலேயே பிரித்தறிந்தனர். இரணைமடுவுக்கு அருகே விடுதலைப் புலிகள் ஓர் ஓடுபாதை அமைத்தனர். 2007 மார்ச் 26-ஆம் நாள் அவர்களுடைய சிறுவிமானங்கள் கட்டுநாயக்காவிலுள்ள வான்படைத் தளத்தைத் தாக்கின. 2009 சனவரியில் இராணுவம் இரணைமடு ஓடுபாதையைக் கைப்பற்றியது. இன்று அது வான்படைத் தளமாக உள்ளது. 1940-களில் வவுனியாவில் அமைந்ததும், அறுபது ஆண்டுகளின் பின் இரணைமடுவில் அமைந்ததும் போர்க்கால ஓடுபாதைகளே. சென்னைக்கோ கொழும்புக்கோ பயணியரை ஏற்றிச் செல்லவென்று வன்னி மண்ணில் ஓர் ஓடுபாதை எழவில்லை.

அக்காலத்தில் தூரம் மட்டுமன்றி நேரமும் பிளவுபட்டது. இது புதுமையாகத் தோன்றலாம், ஆனால் உண்மை. இலங்கையும் இந்தியாவும் நெடுங்காலமாக ஒரே நேரத்தைக் கடைப்பிடித்து வந்தன. 1996 மே மாதத்தில் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்தது. அதன்பின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இலங்கை நேரம் இந்திய நேரத்துக்கு அரை மணி முந்தியிருந்தது. சென்னையில் பத்து மணிக்குப் புறப்பட்ட விமானம் ஒரு மணி இருபது நிமிடம் பறந்து கட்டுநாயக்காவில் இறங்கினால், அங்கே கடிகாரம் பதினொன்று ஐம்பது காட்டும். திரும்பும் பயணத்திலோ, அதே ஒரு மணி இருபது நிமிடம் ஐம்பது நிமிடமாகத் தோன்றும்.

புலிகளின் ஆட்சியிலிருந்த வன்னிப் பகுதி இம்மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய நேரத்தையே வைத்துக்கொண்டது. ஆகவே வவுனியா நகரில் ஒரு நேரம். ஓமந்தைக்கு அப்பால் வேறொரு நேரம். ‘பழைய நேரமா, புதிய நேரமா?’ என்று கேட்டறிந்தே மக்கள் எதற்கும் புறப்பட்டனர். வன்னியின் கடிகாரம் வவுனியாக் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை. கடலுக்கு அப்பாலுள்ள சென்னைக் கடிகாரத்தோடு ஒத்துப்போயிற்று. நேரம் ஒன்றாயிருந்தும், அங்கே செல்லும் வழிதான் இல்லை. 2006 ஏப்ரல் மாதத்தில் இலங்கை பழைய நேரத்துக்குத் திரும்பியது. அரை மணிப் பிளவு நீங்கியது. 2002-இல் திறக்கப்பட்டிருந்த நெடுஞ்சாலையோ, அதே 2006-ஆம் ஆண்டின் ஓகஸ்ட் மாதத்தில் மீண்டும் மூடப்பட்டது.

2009-இல் போர் முடிந்தது. சாலை திறந்தது. 2013 செப்டெம்பரில் புகையிரதம் கிளிநொச்சிக்கு வந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை அடைந்தது. ஆனால் சென்னைக்கு விமானம் ஏறக் கட்டுநாயக்காவுக்கே செல்லவேண்டியிருந்தது. இதன் விளைவை ஒரு கணக்கால் காட்டலாம்.

கிளிநொச்சியில் வாழும் ஒரு தாயாரை எடுத்துக்கொள்வோம். அவருடைய மகள் போர்க்காலத்தில் படகேறிச் சென்று, இப்பொழுது சென்னையில் வாழ்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அத்தாயார் மகளைக் காணவேண்டுமானால், வடக்கே 400 கிலோமீற்றரில் உள்ள நகருக்காகத் தெற்கு நோக்கிப் பேருந்து ஏறவேண்டும். கட்டுநாயக்கா வரை ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தரைவழி. அங்கே விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பே நிற்கவேண்டும். பின்பு 645 கிலோமீற்றர் வான்வழி. ஆக மொத்தம் 945 கிலோமீற்றர். இதில் உள்ள விந்தை இன்னொன்று: கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் பறக்கும் விமானம், கிளிநொச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றரில், பூநகரிக் கரைக்கு அப்பாலுள்ள கடலின் மேலே செல்லும். ஒரு முழு நாள் பயணம் செய்தபின், அத்தாயார் தம் வீட்டின் பக்கமாகவே திரும்பப் பறந்து போவார்.

2019 ஒக்டோபர் 17-ஆம் நாள், பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் எயர் விமானம் ஒன்று அன்று அங்கே வந்திறங்கிற்று. நவம்பரில் பயணியர் சேவை தொடங்கியது. சில மாதங்களே சென்றன. 2020 மார்ச் மாதத்தில் கொள்ளைநோய் வந்து அதனை நிறுத்திவிட்டது. 2022 டிசெம்பர் 12-ஆம் நாள் சேவை மீண்டும் ஆரம்பமாயிற்று. 2024 செப்டெம்பரில் இந்திகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. 2025-இல் திருச்சிராப்பள்ளிக்கும் வழி பிறந்தது. திருச்சிராப்பள்ளிக்கும் பலாலிக்கும் தூரம் 185 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவே.

இப்பொழுது அத்தாயாரின் கணக்கை மீண்டும் போடுவோம். கிளிநொச்சியிலிருந்து பலாலிக்குத் தரைவழி ஏறத்தாழ 80 கிலோமீற்றர். பலாலியிலிருந்து சென்னைக்கு வான்வழி 355. ஆக மொத்தம் 435. முன்னைய 945-இல் பாதிக்கும் குறைவு! புறப்பட்ட திசையும் சரியான திசை.

பறக்கும் நேரத்தைப் பற்றியும் ஓர் ஐயம் எழலாம். இவ்வழியில் செல்வன ஏ. டி. ஆர். 72 என்னும் சுழல்விசிறி விமானங்கள். எழுபது எண்பது பேரை ஏற்றுவன. மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறப்பன. அவ்வேகத்தில் 355 கிலோமீற்றரைக் கடக்க 43 நிமிடம் போதுமே. அட்டவணையில் ஏன் ஒன்றேகால் மணி நேரம் போட்டிருக்கிறார்கள்? காரணம் எளிது. அட்டவணை நேரம் என்பது விமானம் தன் நிறுத்துமிடத்தைவிட்டு அசைந்ததிலிருந்து, மறு நிலையத்தில் நின்று ஓயும் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லல், முறைக்காகக் காத்திருத்தல், மேலே ஏறுதல், இறங்குமுன் வேகந்தணித்து வட்டமிடல் ஆகிய யாவும் அதில் அடங்கும். இவற்றுக்கு ஆகும் நேரம் குறுந்தூரத்துக்கும் நெடுந்தூரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனாலேதான், 645 கிலோமீற்றரைத் தாரை விமானத்தில் கடப்பவர்க்கும், 355 கிலோமீற்றரைச் சுழல்விசிறி விமானத்தில் கடப்பவர்க்கும் அட்டவணையில் பெரிய வேறுபாடு தோன்றுவதில்லை. 1947-இல் டக்கோட்டா எடுத்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு அருகிலேயே இன்றும் நிற்கிறோம். எழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றும் அந்நேரம் பெரிதும் குறையவில்லை. குறைந்தது கிளிநொச்சியிலிருந்து விமானத்தின் படிக்கட்டு வரை உள்ள நேரமே.

ஆகவே இரு நகரங்களுக்கு இடையே எத்தனை மணி நேரம் என்று எவரேனும் கேட்டால், உடனே அட்டவணையைப் பார்த்து விடை சொல்லிவிடக் கூடாது. யாருக்கு, எந்த ஆண்டில், எந்த ஊரிலிருந்து என்று திருப்பிக் கேட்கவேண்டும். 1914-இல் அது இரண்டு இரவு. 1947-இல் ஒன்றேகால் மணி. 1990-களில் வன்னியில் அகப்பட்டிருந்தவர்க்கு அதற்கு அளவே இல்லை. இன்று காலையில் கிளிநொச்சியில் உணவருந்திப் புறப்பட்டால், இடையூறு இல்லாதவிடத்து, பொழுது சாயுமுன் சென்னையில் இருக்கலாம்.

குறைகள் இல்லை என்று கூறுவதற்கில்லை. பயணக்கட்டணம் உழவர்க்கும் கூலித்தொழிலாளர்க்கும் எளிதன்று. விமானங்கள் சிறியன; சேவைகள் சில. பலாலியைச் சூழ்ந்த நிலங்களின் உரிமையாளர்களுள் இன்னும் தம் காணிக்குத் திரும்பாதோர் உளர். விமான நிலையம் வளரவேண்டும் என்போரும், வளர்வதற்கு எவருடைய நிலம் கொள்ளப்படும் என்று கேட்போரும் ஒரே ஊர் மக்களே. இரு சாராரின் சொல்லையும் கேட்டே முடிவு காணவேண்டும்.

ஆயினும் இன்று பலாலி நிலையத்தின் வாசலில் சற்று நேரம் நின்றால் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. வன்னியிலிருந்து வந்த சிற்றுந்துகள் அங்கே நிற்கின்றன. பனங்கட்டியும் பனாட்டும் புழுக்கொடியலும் கட்டிய பொதிகளை நிறைபார்க்கும் தட்டில் வைத்து, எதை எடுத்துவிடுவது, எதைக் கொண்டுபோவது என்று முதியோர் சிலர் தம்முள் பேசிக்கொள்கின்றனர். சிலர் கடலுக்கு அப்பாலுள்ள உறவினரைக் காண முதன்முறையாகச் செல்பவர். சிலர் முகாமிலே பிறந்து, பெற்றோரின் ஊரைக் காண முதன்முறையாக வருபவர். விமானம் எழுகிறது. அதன் ஒலி குடாநாட்டைத் தாண்டிக் கடலை நோக்கிச் செல்கிறது.

அந்த ஒலிக்குத் தலைநிமிர்ந்து பார்க்கும் பிள்ளைக்கு, இன்று ஓடி ஒளியவேண்டிய தேவை இல்லை. அவன் கையிலும் ஓர் அடிமட்டமும் தேசப்படமும் இருக்கக்கூடும். 3 பாகை 12 கலை என்னும் கணக்கை அவனும் போட்டுப் பார்க்கட்டும்.